பினாங்குப் பட்டறைகளில் வைரஸும் விளம்பர நிரலும்

தனியாள் கணினிக்குள் வேண்டாத நிரல் நுழைய மூன்று வழிகள் உண்டு. இயங்குதளத்தில் அடைபடாமல் கிடக்கும் ஓட்டை வழியே யாரையும் கேட்காமல் வருவது ஒன்று. டிஸ்கெட், சிடி, தம்ப் டிரைவ், மின்னஞ்சலில் வரும் கோப்பு என்று ஏதேனும் ஒன்றில் ஏறிக்கொண்டு வருவது இரண்டாவது. கணினிக்கு உரியவரே ‘நெக்ஸ்ட்’ பொத்தானை அடுத்தடுத்து அழுத்தித் தம் கையால் நிறுவிக்கொள்வது மூன்றாவது. பினாங்கில் கணினி பழுதுபார்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் மூன்றையும் பார்த்துவிட்டார்கள். முதலிரண்டும் இன்று பெரும்பாலும் அடைபட்டுவிட்டன. அடைத்தது ஆன்டிவைரஸ் என்று வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். விண்டோஸின் தொடக்க அமைப்புகளில் மைக்ரோசாப்ட் செய்த சில சிறு மாற்றங்கள்தாம் அடைத்தன என்பது தொழிலில் பழகியவர்களின் கணிப்பு. மூன்றாவது வழி இன்னும் திறந்தே இருக்கிறது. ஆட்வேர் என்று வழங்கும் விளம்பர நிரல்களின் பிழைப்பு அதில்தான் நடக்கிறது.

ஜார்ஜ்டவுனில் இந்தத் தொழில் ஊன்றிய இடங்கள் கொம்தாரும் அதை ஒட்டிய பிராங்கின் மாலும். தெற்கே வந்தால் புக்கிட் ஜம்புல் காம்ப்ளெக்ஸ். இவை தவிர, ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கங்களில் கடைவீடுகளின் கீழ்த்தளத்தில் ஓர் ஆள் மட்டும் உட்கார்ந்து நடத்தும் பட்டறைகள். திறந்து கிடக்கும் சிபியு, ஒரு திருப்புளி, சிடிகள் அடுக்கிய பை ஒன்று, முதலீடு அவ்வளவுதான். தீவின் தென்கிழக்கில் பாயான் லெப்பாஸில் இன்டெல் நிறுவனம் 1972 முதல் சில்லுகளைப் பொருத்தியும் சோதித்தும் உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. சில்லு செய்யும் ஊர் என்பதற்காக வைரஸ் ஒதுங்கிப் போய்விடவில்லை. வாடிக்கையாளர் பேசுவது ஹொக்கியனோ மலாயோ தமிழோ, புகார் ஒன்றுதான்: “ரொம்ப ஸ்லோ, பாஸ்.”

டிஸ்கெட் காலத்து வைரஸ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1986-இல் லாகூரில் எழுதப்பட்ட ‘பிரெய்ன்’ தொடங்கி, அவை கைமாறும் டிஸ்கெட்டின் வேகத்தில் நடந்தன. சிடி வந்த பிறகுதான் நிலைமை மாறியது. திருட்டு மென்பொருள் சிடிகளை யார் எங்கே எரித்தார் என்று யாருக்கும் தெரியாது. எரித்த கணினியில் வைரஸ் இருந்தால் அது எல்லாப் பிரதிகளிலும் சேர்ந்தே வரும். தைவானில் எழுதப்பட்ட சிஐஎச் வைரஸ் இப்படித்தான் பரவியது. 1999 ஏப்ரல் 26 அன்று அது வேலையைத் தொடங்கியபோது வன்தட்டின் தொடக்கப் பகுதி அழிந்தது. சில மதர்போர்டுகளில் பயாஸ் சில்லில் இருந்த நிரலும் அழிந்து கணினி உயிரே பிடிக்கவில்லை. மென்பொருள் ஒன்று வன்பொருளையும் முடக்கும் என்பதைப் பட்டறைகள் நம்பியது அதற்குப் பிறகுதான். ஒளித்தட்டுத் தயாரிப்புக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டத்தை மலேசியா 2000-இல் கொண்டுவந்தது. அது பதிப்புரிமைக்காக வந்த சட்டம். ஆனால் வைரஸ் தடுப்பிலும் அதற்குப் பங்கு இருந்தது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் வழிக்கு, அதாவது தானாக நுழைவதற்கு, தொழிலில் எல்லோரும் சொல்லும் உதாரணம் பிளாஸ்டர். 2003 ஆகஸ்ட் 11 அன்று பரவத் தொடங்கிய இந்தப் புழு விண்டோஸ் எக்ஸ்பி, 2000 ஆகியவற்றின் ஆர்பிசி சேவையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தியது. திரையில் ஒரு பெட்டி தோன்றும். அறுபது வினாடி எண்ணும். கணினி தானாக அணைந்து மறுபடி எழும். அப்போது டெலிகோமின் ஸ்ட்ரீமிக்ஸ் இணைப்பு வீடுகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. ரவுட்டர் இல்லாமல் மோடத்தைக் கணினியிலேயே நேராகச் செருகி, கணினியிலிருந்தே டயல் செய்தவர்கள் பலர். அப்படிச் செய்தால் கணினி திறந்த இணையத்தின் முகத்துக்கு நேரே நிற்கும்.

இதில் பட்டறைக்காரர்களைத் திணறடித்தது இன்னொன்று. ஃபார்மட் செய்து புதிதாக எக்ஸ்பி ஏற்றிய கணினியில் இணைப்பைச் செருகி, ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை இறக்கப் போனால், அது இறங்கி முடிவதற்குள் புழு ஏறிவிடும். கடையிலிருந்து சுத்தமாகப் போன கணினி அன்று மாலையே திரும்பி வரும். வாடிக்கையாளர் கோபப்படுவார், அவர் பக்கமும் நியாயம் இருந்தது. பிறகு முறை மாறியது. அப்டேட்டுகளை முன்கூட்டியே சிடியில் எரித்து வைத்தார்கள். கேபிளைச் செருகும் முன் எக்ஸ்பியில் அணைந்து கிடந்த ஃபயர்வாலை இயக்கினார்கள். முடிந்தவர்களிடம் ரவுட்டர் வாங்கச் சொன்னார்கள். எண்ணிக்கை ஓடும்போது ‘ஷட்டவுன் மைனஸ் ஏ’ என்ற கட்டளையைத் தட்டினால் அது நிற்கும் என்பது அந்த மாதம் தீவில் எல்லோரும் மனப்பாடம் செய்த வித்தை. அடுத்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் சாஸர் புழு வந்தபோதும் அதே வித்தை பயன்பட்டது.

2004 ஆகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் வெளிவந்தது. அதில் ஃபயர்வால் தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் இருந்தது. பயனர் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. பிளாஸ்டர், சாஸர் வகைத் தொற்று வீட்டுக் கணினிகளில் தணிய இந்த ஒரு மாற்றமும் ரவுட்டரின் பரவலும் போதுமானதாக இருந்தன. ஆன்டிவைரஸ் போட்டிருந்த கணினிகளும் பிளாஸ்டரில் விழுந்திருந்தன என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

பெரும் புழுக்களின் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். பிளாஸ்டர் பயன்படுத்திய ஓட்டைக்கு மருந்து ஜூலை 16-இலேயே வந்துவிட்டது. புழு வந்தது இருபத்தாறு நாள் கழித்து. கான்ஃபிக்கர் புழுவுக்கான அப்டேட் 2008 அக்டோபர் 23-இல் வந்தது, புழு நவம்பரில். வானாக்ரை புழு 2017 மே 12-இல் வெடித்தது, அதற்கான அப்டேட் மார்ச் 14-இல் வெளியாகியிருந்தது. இந்த மூன்றிலும் மருந்து முன்னால் வந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள்தாம் விழுந்தார்கள்.

போட்டுக்கொள்ளாததற்குப் பினாங்கில் சோம்பல் மட்டும் காரணம் அல்ல. கடைகளில் ஏற்றிக் கொடுத்த விண்டோஸ் பெரும்பாலும் உரிமமற்றது. போலியைக் கண்டுபிடிக்கும் சோதனையை மைக்ரோசாப்ட் 2005 வாக்கில் தொடங்கியதும், அப்டேட் போட்டால் கணினி பூட்டிக்கொள்ளும் என்ற பேச்சு பரவியது. பட்டறைக்காரர்களே அப்டேட்டை அணைத்துக் கொடுத்தார்கள். ஒரு முறை எல்லாம் ஏற்றி முடித்த வன்தட்டை அப்படியே படியெடுத்து, அந்த ‘கோஸ்ட்’ பிரதியை வருகிற கணினிகளிலெல்லாம் இறக்குவது வழக்கம் என்பதால், அப்டேட் அணைந்த நிலையும் கூடவே எல்லா வீடுகளுக்கும் போனது. உரிமமற்ற விண்டோஸுக்கும் முக்கியமான பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக இறங்கும் என்பதை மைக்ரோசாப்ட் சொல்லத்தான் செய்தது, கேட்டவர் குறைவு. தீவில் வைரஸ் பரவியதில் இந்தத் தொழிலுக்கு இருந்த பங்கு இதுதான், அது சிறியது அல்ல.

இரண்டாவது வழியில் தம்ப் டிரைவ்தான் அரசன். யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தைச் சுற்றியும் பள்ளிகளுக்கு அருகிலும் இருந்த போட்டோஸ்டேட் கடைகளை எண்ணிப் பார்த்தால் போதும். மாணவர் பாடவேலையை அச்செடுக்கத் தம்ப் டிரைவைக் கொண்டுவந்து கடைக் கணினியில் செருகுவார், அடுத்தவர் செருகுவார், அதற்கடுத்தவர் செருகுவார். கடைக்காரருக்குக் கணினியைத் துடைக்க நேரம் இருக்காது. மாலைக்குள் அத்தனை வீட்டுக்கும் ஒரே வைரஸ் போய்ச் சேரும்.

2005-இன் பிற்பகுதியில் வந்த பிரொன்டோக் இந்தோனேசியாவில் எழுதப்பட்டது. இங்கே அதன் பரவல் கடுமையாக இருந்ததற்கு அதன் உருவமும் காரணம். மஞ்சள் நிறக் கோப்புறைப் படத்தைப் போர்த்திக்கொண்டு, ஏற்கெனவே இருக்கும் கோப்புறையின் பெயரிலேயே உட்கார்ந்திருக்கும். திறக்கலாம் என்று இரண்டு முறை தட்டினால் அது நிரலாக ஓடும். ஓடியதும் ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் மறைந்துபோகும், ரெஜிஸ்ட்ரியைத் திறக்க முடியாது. பழுதுபார்க்கும் கருவி எதையாவது திறந்தால், அதன் சாளரத் தலைப்பைப் படித்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்க வைக்கும். பட்டறைக்காரரின் கையை அது நேராகவே கட்டிப்போட்டது. அது காட்டிய இந்தோனேசிய மொழி அறிவிப்பை மலாய் தெரிந்த பினாங்கு வாடிக்கையாளரால் படிக்க முடிந்தது. அதனால் பலர் அதை வைரஸ் என்று எண்ணாமல் யாரோ எழுதிய கடிதம் என்று எண்ணிக் கடைக்குக் காட்ட வந்தார்கள். சேஃப் மோடில் போவதாலும் பயனில்லாமல் போனபோது, வன்தட்டைக் கழற்றி வேறொரு சுத்தமான கணினியில் இரண்டாம் தட்டாக மாட்டித் துடைப்பதே நம்பகமான முறையாக இருந்தது. ஓடாத நிரலால் எதிர்க்க முடியாது.

பின்னர் வந்த ஷார்ட்கட் வைரஸ் வேறு மாதிரி. தம்ப் டிரைவில் உள்ள கோப்புறைகள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, அவற்றின் பெயரில் ஷார்ட்கட்டுகளை வைக்கும். ஆன்டிவைரஸ் அந்த ஷார்ட்கட்டுகளை அழித்ததும் டிரைவ் காலியாகத் தெரியும். கோப்புகள் போய்விட்டன என்று நினைத்து, டிரைவை ஃபார்மட் செய்து உண்மையாகவே இழந்தவர்கள் உண்டு. கோப்புகள் எங்கும் போகவில்லை. ‘அட்ரிப்’ என்ற பழைய டாஸ் கட்டளையால் மறைப்பை நீக்கினால் எல்லாம் அப்படியே இருக்கும். டிரைவின் கொள்ளளவைப் பார்ப்பதுதான் முதல் சோதனை. காலியாகத் தெரியும் டிரைவில் இடம் நிறைந்திருந்தால் உள்ளே பொருள் இருக்கிறது என்று அர்த்தம்.

பட்டறைக்காரரின் சொந்தத் தம்ப் டிரைவும் நோய் சுமக்கும். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கருவிகள் அதில்தான் இருக்கும். தொழிலில் கவனமாக இருந்தவர்கள் கருவிகளை எழுதி முடித்துப் பூட்டிய சிடியில் வைத்திருந்தார்கள். சிலர் எழுத்தைத் தடுக்கும் சிறு தாழ்ப்பாள் உள்ள டிரைவைத் தேடி வாங்கினார்கள். சிடி மெதுவானது, கீறல் விழும். ஆனால் எந்த வைரஸும் அதில் ஏறாது.

இந்த வழியையும் அடைத்தது ஒரு சிறு மாற்றம். தம்ப் டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரலை ஓடவிடும் ஆட்டோரன் வசதியே இந்தத் தொற்றுகளில் பலவற்றுக்கு ஆணிவேர். கான்ஃபிக்கர் அதில் ஒரு படி மேலே போய், செருகியதும் தோன்றும் பெட்டியில் ‘கோப்புகளைப் பார்க்கக் கோப்புறையைத் திற’ என்ற வரியையே போலியாகச் சேர்த்தது. பழக்கத்தில் அதை அழுத்தியவர்கள் புழுவை ஓடவிட்டார்கள். 2009-இல் வந்த விண்டோஸ் 7 தம்ப் டிரைவுக்கு அந்த வசதியை நிறுத்தியது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அதே நிறுத்தம் அப்டேட்டாக வந்தது. அந்த வகைத் தொற்று சில மாதங்களில் குறைந்ததாக மைக்ரோசாப்ட் பின்னர் அறிவித்தது. போட்டோஸ்டேட் கடைகளில் அது கண்கூடாகவே தெரிந்தது. இணையத்திலிருந்து வரும் வேர்ட், எக்செல் கோப்புகளின் மேக்ரோவை 2022 முதல் தொடக்கத்திலேயே தடுத்து வைத்ததும் இதே வகை மாற்றம். 1999-இல் மெலிஸா என்ற மேக்ரோ வைரஸ் காட்டிய ஓட்டை அது. அடைக்க இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

விளம்பர நிரல்களின் கதை வேறு. அவை திருடர்களைப் போல வரவில்லை. ஒப்பந்தம் காட்டி வந்தன. பாட்டு இறக்க காஸா, கடவுச்சொல் நினைவில் வைக்க கேட்டர், திரையில் குதிக்கும் ஊதா நிறக் குரங்கு என்று 2000-களின் தொடக்கத்தில் இலவசமாகக் கிடைத்தவற்றுடன் விளம்பரம் காட்டும் நிரலும் ஒட்டிக்கொண்டு வந்தது. யாரும் படிக்காத உரிம ஒப்பந்தத்தின் நடுவில் அது எழுதப்பட்டிருக்கும். அதனால் அவற்றை வைரஸ் என்று அழைக்க ஆன்டிவைரஸ் நிறுவனங்களே தயங்கின. அழைத்தால் வழக்கு வரும். ஸேங்கோ என்ற விளம்பர நிறுவனம் பயனரின் உண்மையான ஒப்புதல் இல்லாமல் நிறுவியதற்காக 2006-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 30 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. அதே நிறுவனம், தன் நிரலைத் தடுத்ததற்காக காஸ்பர்ஸ்கி மீது வழக்குப் போட்டு, 2009-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் பாதுகாப்பு நிறுவனங்களின் கை கொஞ்சம் தைரியமாக நீண்டது. இருந்தாலும் ‘வேண்டாததாக இருக்கக்கூடிய நிரல்’ என்ற வழவழப்பான பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

ஆன்டிவைரஸ் தயங்கிய இடத்தில் தனி மனிதர்களும் சிறு நிறுவனங்களும் எழுதிய கருவிகள் பட்டறைகளுக்குக் கை கொடுத்தன. ஜெர்மானியர் பேட்ரிக் கொல்லாவின் ஸ்பைபாட், லாவாசாஃப்டின் ஆட்-அவேர், நெதர்லாந்து மாணவர் மெரைன் பெல்லகோம் எழுதிய ஹைஜாக்திஸ். முதலிரண்டும் தாமே தேடி அழிக்கும். ஹைஜாக்திஸ் தானாக எதையும் அழிக்காது. கணினி எழும்போது எதெல்லாம் சேர்ந்து எழுகிறது, உலாவியில் எதெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று பட்டியல் மட்டும் தரும். எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிப்பது பார்ப்பவர் பாடு. தெரியாமல் கை வைத்தால் இணைய இணைப்பே போகும். ஆனால் தொழில் கற்றுக்கொடுத்தது அந்தப் பட்டியல்தான். ஸ்பைபாட்டை ஓடவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவருக்கும், பட்டியலை வரி வரியாகப் படித்தவருக்கும் இடையில் சில ஆண்டுகளில் பெரிய வித்தியாசம் வந்துவிட்டது. இன்று அந்த இடத்தில் இருப்பது மைக்ரோசாப்டின் ஆட்டோரன்ஸ் என்ற கருவி; முறை அதே முறைதான்.

2010-களில் பாட்டு இறக்கும் நிரல்கள் போய், டூல்பார்கள் வந்தன. உலாவியின் முகப்புப் பக்கம் மாறிவிடும். தேடினால் முன்பின் தெரியாத தளம் ஒன்று பதில் சொல்லும். தமிழ் வாடிக்கையாளர்களிடம் இவை வந்த பாதை குறிப்பிடத்தக்கது. தமிழ் எழுத்துரு இலவசமாக வேண்டும் என்று தேடுவார்கள். புதுப்படம், தவறவிட்ட சீரியல் பார்க்கத் தேடுவார்கள். அந்தப் பக்கங்களில் பச்சை நிறத்தில் பெரிதாக இருக்கும் ‘டவுன்லோட்’ பொத்தான் விளம்பரம். உண்மையான இணைப்பு கீழே சிறிய எழுத்தில் கிடக்கும். எழுத்துருவுக்கு அந்த அலைச்சலே தேவையில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் 1985 முதல் இருக்கிறது. இப்போதைய விண்டோஸிலேயே தமிழ் 99, தமிழ் அஞ்சல் விசைப்பலகைகள் கூடவே வருகின்றன. அமைப்புகளில் இயக்கிக்கொண்டால் போதும்.

இந்த வழியிலும் மைக்ரோசாப்ட் ஒரு தொடக்க மாற்றத்தை முயன்றது. வேண்டாத நிரல்களைத் தடுக்கும் அமைப்பு 2020-இல் விண்டோஸ் 10-இல் வந்தது. 2021 ஆகஸ்ட் முதல் அது தானாகவே இயங்குகிறது. டூல்பார்கள் குறைந்தன. ஆனால் விளம்பரக்காரர்கள் கணினியில் எதையும் நிறுவாத முறைக்கு மாறிக்கொண்டார்கள். ‘நீங்கள் ரோபோ அல்ல என்று காட்ட அனுமதி பொத்தானை அழுத்தவும்’ என்று ஒரு பக்கம் கேட்கும். அழுத்தியவர் உண்மையில் கொடுப்பது உலாவி வழியே அறிவிப்பு அனுப்பும் உரிமையை. அதன் பிறகு திரையின் மூலையில் ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்’ என்ற வகை அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். எந்த ஸ்கேனர் ஓட்டினாலும் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் அங்கே நிரல் எதுவும் இல்லை. உலாவியின் அமைப்பில் அறிவிப்பு அனுமதிப் பட்டியலைத் திறந்து அந்தத் தளத்தை நீக்கினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். இதற்காகக் கணினியை ஃபார்மட் செய்து காசு வாங்கும் கடைகள் இருக்கின்றன என்பது தொழிலுக்கு அழகல்ல.

ஃபார்மட்டா, துடைப்பதா என்பது பட்டறையில் எப்போதும் உள்ள கேள்வி. ஃபார்மட்டுக்கு ஒரே கூலி, தெரிந்த நேரம். துடைப்பதற்கு எத்தனை மணி ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கடைகள் ஃபார்மட்டையே விரும்பின. விளம்பர நிரலுக்குத் துடைப்பது போதும். வங்கிக் கடவுச்சொல்லைத் திருடும் நிரல் ஏறியிருந்தால் ஃபார்மட்டைத் தவிர வேறு எதையும் நம்பக் கூடாது.

துடைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இணையத்தைத் துண்டிக்க வேண்டும். அடுத்து, எதையும் அழிப்பதற்கு முன் வாடிக்கையாளரின் கோப்புகளை வேறு தட்டுக்கு எடுத்துவிட வேண்டும். நோயாளி பிழைத்தாரா என்பதைவிட அவர் வைத்திருந்த படங்கள் பிழைத்தனவா என்பதே பலருக்கும் பெரிது. பிறகு நிறுவிய நிரல்களின் பட்டியலைத் தேதி வரிசையில் அடுக்கிப் பார்க்க வேண்டும். கோளாறு தொடங்கிய நாளில் நான்கைந்து நிரல்கள் ஒன்றாக ஏறியிருந்தால் குற்றவாளி அங்கேயே இருக்கிறார். அடுத்து, கணினியோடு எழும் நிரல்கள், டாஸ்க் ஷெட்யூலரில் ஒளிந்திருப்பவை, சேவைகள். பிறகு உலாவி: நீட்டிப்புகள், தேடுபொறி, ப்ராக்ஸி அமைப்பு. உலாவி ஐகானின் பண்புகளைத் திறந்து, அதன் முகவரியின் வாலில் விளம்பரத் தளம் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பலர் தவறவிடும் இடம் இது. ‘உங்கள் நிறுவனம் இந்த உலாவியை நிர்வகிக்கிறது’ என்று வீட்டுக் கணினியில் வந்தால், விளம்பர நிரல் தன்னை நிறுவனமாக எழுதிவைத்திருக்கிறது என்று பொருள். இத்தனைக்கும் பிறகுதான் மால்வேர்பைட்ஸ், ஆட்விகிளீனர் போன்ற ஸ்கேனர்கள். கடைசியாக ஒன்று: நீக்கிய நீட்டிப்பு மறுநாள் திரும்பி வந்தால், அது கூகுள் கணக்கின் சிங்க் வழியே வருகிறது. சிங்கை நிறுத்திவிட்டுத்தான் நீட்டிப்பை நீக்க வேண்டும்.

ஃபார்மட் செய்வதாக இருந்தால் தமிழில் வேலை செய்பவர்களின் கணினியில் இன்னொரு கவனம் வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோயில் மலர்களும் பள்ளி ஆண்டிதழ்களும் பழைய வேர்ட் கோப்புகளாக இன்னும் இருக்கின்றன. எழுத்துருவை எடுக்காமல் கோப்பை மட்டும் எடுத்தால், திறக்கும்போது இலத்தீன் எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸ் எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்துப் படியெடுப்பது பட்டறையில் எழுதாத விதி. புதிய கணினிகளில் இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. விண்டோஸ் 11 பல கணினிகளில் வன்தட்டைத் தானாகவே மறையாக்கம் செய்துவிடுகிறது. மீட்புச் சாவி உரியவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் நினைவில்லை என்றால், தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டும் பழைய வித்தை பலிக்காது.

இன்று மேசைக்கு வரும் மோசமான தொற்று விளம்பரம் காட்டாது, கணினியை மெதுவாக்காது. சில வினாடிகளில் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். வருவது பெரும்பாலும் விண்டோஸையோ ஆஃபீஸையோ விளையாட்டையோ இலவசமாகத் திறக்கும் ‘கிராக்’ நிரல் வழியே. அதன் குறிப்பில் முதல் வரி எப்போதும் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும், வாடிக்கையாளரும் அணைப்பார். 2024 முதல் பரவும் இன்னொரு முறையில் கிராக் கூட வேண்டாம். ரோபோ அல்ல என்று காட்ட, விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ஒட்டி, என்டர் தட்டச் சொல்கிறது ஒரு பக்கம். ஒட்டப்படுவது தீங்கு செய்யும் கட்டளை. எந்த உண்மையான தளமும் அப்படிக் கேட்பதில்லை. இதில் மாட்டியவர் கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. திருடப்பட்ட குக்கி கடவுச்சொல் இல்லாமலே உள்ளே விடும். வேறொரு சுத்தமான கணினியிலிருந்து எல்லாக் கணக்குகளிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்திவிட்டுப் பிறகு கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

கணினியைத் திருப்பிக் கொடுக்கும்போது பட்டறை செய்து தரவேண்டிய ஏற்பாடு சுருக்கமானது. அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு, அப்டேட் தானாக, விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும், வேறு ஆன்டிவைரஸ் விற்க வேண்டியதில்லை. உலாவியில் ஒரு நல்ல விளம்பரத் தடுப்பான் கட்டாயம்; தேடல் விளம்பரங்களில் போலித் தளங்கள் வருவதைக் காட்டி, அமெரிக்காவின் எஃப்பிஐயே 2022 டிசம்பரில் அதைப் பரிந்துரைத்தது. யூபிளாக் ஆரிஜினின் முழு வடிவம் இப்போது ஃபயர்ஃபாக்ஸில் ஓடுகிறது. குரோமில் சுருங்கிய வடிவம்தான். படங்களுக்கும் கணக்குகளுக்கும் ஒரு வெளித்தட்டு, வேலை முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். செருகியே இருக்கும் தட்டைக் கோப்புகளைப் பூட்டும் நிரல் கணினியோடு சேர்த்துப் பூட்டிவிடும். நிர்வாகி உரிமையைப் பற்றி மட்டும் வாடிக்கையாளர்கள் முணுமுணுப்பார்கள். விஸ்டா காலத்தில் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டுத் தொல்லை செய்தது என்று கடைகளே அந்தக் காவலை அணைத்துக் கொடுத்த பழக்கம் இன்னும் மறையவில்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுப் பயனர்கள் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தேறாது. தந்திரமாக ஏற்றிக் கொடுப்பதைவிட லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுப்பது நேர்மையான வேலை. வலைப்பக்கம் பார்க்கவும் கடிதம் எழுதவும் அது போதும்.

பணம் போயிருந்தால் வேலை பட்டறையில் தொடங்கக் கூடாது. முதலில் வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி எதிர்வினை மையத்தையோ அழைக்க வேண்டும். நேரம் போகப் போகப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துவிடும். அதன் பிறகு போலீஸ் புகார். தொழில்நுட்ப உதவிக்கு சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவை இருக்கிறது. அதற்குப் பின்னால் நிற்கும் மைசெர்ட் குழு 1997 முதல் இயங்குகிறது. இந்தப் புகார்கள் பதிவாகும் வரை கணினியை அணைத்து, இணைப்பைக் கழற்றி, அப்படியே வைத்திருக்க வேண்டும். உடனே ஃபார்மட் செய்து தரச் சொல்லி வருபவரிடம் பட்டறைக்காரர் முதலில் கேட்க வேண்டியது புகார் எண்ணைத்தான்.